மேனாம்பேட்டு வட்டாரத்தில் கிரீஸின் பரவல்: ஒரு டிராக்டரை முன்வைத்து

டிராக்டருக்கு கிரீஸ் அடிப்பது அரை மணி நேர வேலை. அடித்த கிரீஸ் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று தேடிக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போதாது. அரை மணி நேர வேலையை, வண்டியோடு வரும் கையேடு அம்புக்குறி போட்ட படங்களுடன் விளக்குகிறது. ஒரு வார வேலையைப் பற்றி வாயே திறப்பதில்லை. கையேடு முடிகிற பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இந்த ஆய்வு தொடங்குகிறது.

கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடுவது ஆய்வு மரபு. கிரீஸ் அடித்த இடத்தில் அசிங்கம் இல்லையென்றால் அங்கே கிரீஸ் அடிக்கப்படவில்லை என்று பொருள். இதை மறுப்பவர்கள் எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டவர்களாக இருப்பது தற்செயலாகவும் இருக்கலாம்.

களம்

மேனாம்பேட்டில் டிராக்டருக்கு என்ன வேலை என்று தஞ்சாவூர்க்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அம்பத்தூர், கொரட்டூர் ஏரித் தண்ணீரில் இந்த வட்டாரம் நெல் விளைவித்தது பழைய கதை. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. 2011இல் அம்பத்தூர் நகராட்சியே சென்னை மாநகராட்சிக்குள் கரைந்தது. வரப்பு காம்பவுண்டுச் சுவராகியது, களம் கார் நிறுத்துமிடமாகியது. டிராக்டர் மட்டும் வயலோடு போகாமல் வேலையை மாற்றிக்கொண்டு ஊரிலேயே தங்கிவிட்டது. கலப்பை பூட்டவேண்டிய இடத்தில் இன்று தண்ணீர் டேங்கர் தொங்குகிறது. டேங்கர் இல்லாத நாளில் இடித்த வீட்டு ரப்பிஷ், அதுவும் இல்லாவிட்டால் செங்கல், எம்-சாண்ட். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் காய்ந்து கிடந்தபோது டேங்கர் இழுத்த வண்டிகளுக்கு இரவு பகல் தெரியவில்லை. ஓடுகிற வண்டிக்கு கிரீஸ் அடிக்க நேரமில்லை, நிற்கிற வண்டிக்கு அடிக்கத் தேவையில்லை என்ற தத்துவம் அந்தக் கோடையில் வேரூன்றியது. இன்னும் முழுதாக நீங்கவில்லை.

கிரீஸின் கோணத்திலிருந்து பார்த்தால் நகரத்து டிராக்டரின் பிழைப்பு வயல் டிராக்டரின் பிழைப்பைவிடக் கொடுமையானது. 5,000 லிட்டர் தண்ணீர் என்றால் 5 டன். தொட்டியின் எடை தனி. பிரேக் பிடித்தால் வண்டி நின்றுவிடும், உள்ளே இருக்கும் தண்ணீர் நிற்காது. அது முன்னும் பின்னும் மோதுகிற மோதலை எல்லாம் ஹூக்கில் மாட்டிய ஒரு பின் வாங்கிக்கொள்கிறது. மேலிருந்து டேங்கர் ஒழுகுகிறது, கீழிருந்து சிமெண்ட் தூசு எழும்புகிறது. நீரும் சிமெண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மேனாம்பேட்டில் கட்டட வேலை செய்யும் எவரும் சொல்வார். அந்த விளைவு, முன்சக்கரத்தைத் திரும்பவிடும் கிங் பின்னுக்குள் நடந்துவிடாமல் நடுவில் நிற்பது கிரீஸ் ஒன்றுதான்.

வட்டாரப் பெருமை ஒன்றையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும். 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்த செம்பியம் இங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். அவற்றுக்கு எஞ்சின் தந்த சிம்சனும் அங்கேதான். பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் என்று சக்கரம் முதல் போல்ட் வரை செய்கிற வரிசை. ஆவடியில் ராணுவ டாங்கியே செய்கிறார்கள். டாங்கிக்கும் கிரீஸ் அடிக்க வேண்டும். அதன் பரவலை ஆராய வாசலில் நிற்கும் காவலர் சம்மதிக்க மாட்டார் என்பதால் இந்த ஆய்வு டிராக்டரோடு நின்றுகொள்கிறது. இப்படிப்பட்ட வட்டாரத்தில் சட்டையில் எண்ணெய்க் கறை இல்லாத ஒருவரைக் கண்டால், அவர் தொழிற்பேட்டையின் கண்ணாடிக் கட்டடங்களில் கணினி முன்னால் உட்காருபவராக இருக்க வேண்டும், அல்லது அன்று காலை பெண் பார்க்கக் கிளம்பியவராக இருக்க வேண்டும்.

முந்தைய ஆய்வுகள்

உராய்வைத் தணித்த வரலாற்றின் முதல் ஊழியர் எகிப்தில் இருக்கிறார். ஜெஹுதிஹோதெப் என்ற மாகாண ஆளுநரின் கல்லறையில், ஏறக்குறைய 3,900 ஆண்டுகளுக்கு முந்தைய ஓவியம் ஒன்றில், பிரம்மாண்டமான சிலையைச் சறுக்குப் பலகையில் ஏற்றிப் பெருங்கூட்டம் இழுக்கிறது. பலகையின் முன்முனையில் நின்று ஒருவர் குனிந்து மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். அது சடங்கு என்றே நெடுங்காலம் கருதினார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள், அளவாக நனைத்த மணலில் இழுவிசை பாதியாகக் குறைகிறது என்று காட்டினார்கள். அளவாக என்பதைக் கவனிக்க வேண்டும். கூடினால் சேறு, குறைந்தால் தூசு. அந்த ஊழியரின் காலில் சேறு பட்டிருக்கிறதா என்று ஓவியர் காட்டவில்லை. ஆய்வுலகம் அன்றே இந்தப் பிரச்சினையைப் புறக்கணிக்கத் தொடங்கிவிட்டது.

அதற்குச் சில நூற்றாண்டு பிந்தைய, யூயா என்ற எகிப்து அரசவையாளரின் கல்லறையில் கிடைத்த தேரின் அச்சில் விலங்குக் கொழுப்பின் எச்சம் இருந்ததாகத் தொல்லியலாளர்கள் சொல்கிறார்கள். 3,400 ஆண்டுகள் ஆகியும் அச்சை விட்டுப் போகாத பொருள், லுங்கியில் பட்டால் ஒரே துவைப்பில் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது வரலாற்று உணர்வின்மை.

1966இல் பீட்டர் ஜோஸ்ட் பிரிட்டிஷ் அரசுக்குத் தந்த புகழ்பெற்ற அறிக்கை, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று கணக்கிட்டது. சோப்புச் செலவை அதில் கழித்ததாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டு மரபு வண்டி மசையில் தொடங்குகிறது. வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்தால் மசை. கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை வெளியே தள்ளி, அச்சில் தடவி, மறுபடி மாட்டி ஒரு சுற்று சுற்றிவிட்டால் கிறீச்சொலி நின்றுவிடும். வண்டிக்கு அடியில் மூங்கில் குழாயில் மசை தொங்கிக்கொண்டே வரும். அந்தக் காலத்து வண்டிக்காரர் வேட்டியில் எந்தப் பக்கம் கறை இருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சக்கரத்தைக் கடைசியாகக் கவனித்தார் என்று ஊகிக்கலாம்.

மசை மறைந்து கிரீஸ் வந்தது என்று எழுதுவது வழக்கம். இது பாதிதான் உண்மை. இன்று பக்கெட்டில் வாங்கும் லித்தியம் கிரீஸைப் பாருங்கள். 1942இல் கிளாரன்ஸ் ஏர்ல் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற வழியில் வந்தது. எண்ணெயைக் கெட்டியாக நிறுத்திவைக்க அதில் ஒரு சோப்பைக் கலக்கிறார்கள். அந்தச் சோப்புக்கு வேண்டிய கொழுப்பு அமிலம் எதிலிருந்து வருகிறது? ஆமணக்கு எண்ணெயிலிருந்து. உலகிலேயே அதிகமாக ஆமணக்கு விளைவது இந்தியாவில், அதிலும் பெரும்பகுதி குஜராத்தில். நம் கொல்லையில் கொட்டைமுத்தாக இருந்தபோது மாட்டுவண்டியின் அச்சுக்குப் போனது, ரசாயன ஆலை வழியாகச் சுற்றி வந்து, பெயரை மாற்றிக்கொண்டு, டிராக்டரின் அச்சுக்கே திரும்பியிருக்கிறது. தாத்தாவின் வேட்டியில் பட்டதும் பேரனின் ஜீன்ஸில் பட்டதும் ஒரே செடி.

பொருள்

கிரீஸின் உடற்கூறு சுருக்கமாக: எண்ணெய் பெரும்பகுதி, சோப்பு ஒரு சிறு பகுதி, துருவையும் தேய்வையும் தடுக்கும் மருந்துகள் கொஞ்சம். எண்ணெய்க்கு மேனாம்பேட்டுக்காரர்கள் நெடுந்தூரம் பார்க்க வேண்டியதில்லை. 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தொடங்கி இன்று சி.பி.சி.எல். என்று வழங்கும் மணலி ஆலை, மசகு எண்ணெய்க்கு அடிப்படையான சரக்கையும் தயாரிப்பதுதான். லித்தியத்தில் கணிசமான பங்கு தென்னமெரிக்க உப்புப் படுகைகளிலிருந்து வருகிறது. அதே லித்தியம் செல்போன் பேட்டரிக்குள்ளும் இருக்கிறது. பேட்டரிக்காரர்கள் போட்டி போட்டு வாங்கியதில் 2022இல் லித்தியம் விலை ஏறி, கிரீஸ் தயாரிப்பாளர்கள் கையைப் பிசைந்தார்கள். டிராக்டர் ஓட்டுநர் கிரீஸ் கையோடு போனை எடுத்து “ஹலோ” சொல்லும் கணத்தில் திரையின் வெளியேயும் உள்ளேயும் லித்தியம் இருக்கிறது. நடுவில் ஒரு மில்லிமீட்டர் கண்ணாடி.

இதில் தத்துவவாதிகள் திகைக்க வேண்டிய இடம் வேறு. கிரீஸில் இருப்பது சோப்பு. கிரீஸைக் கழுவப் பயன்படுத்துவதும் சோப்பு. அதாவது ஒரு சோப்பு கையில் ஒட்டிக்கொள்கிறது, இன்னொரு சோப்பு அதைப் பிரிக்க முயல்கிறது. லித்தியம் சோப்பு தண்ணீரில் கரைய மறுக்கும் வகை, துணி சோப்பு கரையும் வகை. கரையாததன் கட்சியில் எண்ணெய் இருக்கிறது, கரைவதன் கட்சியில் குழாய்த் தண்ணீர் இருக்கிறது. மெட்ரோ வாட்டர் வராத நாளில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

கிரீஸின் பதத்தை அளக்கவும் உலகத்தரம் உண்டு. என்.எல்.ஜி.ஐ. என்ற அமெரிக்க அமைப்பு 000 முதல் 6 வரை ஒன்பது படிகள் வகுத்திருக்கிறது. 150 கிராம் எடையுள்ள ஒரு கூம்பை கிரீஸின் மேல் வைத்து விட்டுவிடுவார்கள். 5 நொடியில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரை அளப்பார்கள். 265 முதல் 295 வரை இறங்கினால் 2ஆம் எண் கிரீஸ், 220 முதல் 250 வரை என்றால் 3ஆம் எண். அமெரிக்க நூல்கள் 2ஆம் எண்ணை வேர்க்கடலை வெண்ணெய்க்கு ஒப்பிடும். நமக்கு விளங்க வேண்டுமானால் நெய் பிரிந்து வரும் நேரத்து அல்வா என்று கொள்ளலாம். சோதனை நடக்கவேண்டிய வெப்பநிலை 25 டிகிரி. சென்னையில் 25 டிகிரி என்பது மார்கழிக் காலைகளில் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவது. ஆகவே சித்திரை மதியத்தில், வெயிலில் நிற்கும் டிராக்டரின் பானட் மேல் திறந்து வைத்த டப்பாவுக்கு இந்தத் தரவரிசை எதுவும் சொல்லத் தெரியாது.

மேனாம்பேட்டு மெக்கானிக்குகள் கூம்பு வைத்திருப்பதில்லை. விரலை விட்டுப் பார்க்கிறார்கள். விரல் முடிவு சொன்ன பிறகு அந்த விரல் எங்கே போகிறது என்பதே பரவலின் முதல் கட்டம்.

கருவியும் அதன் குணமும்

முன்னெல்லாம் அச்சுக்கு அச்சு ஒரு கிண்ணம் இருக்கும். கிரீஸை வைத்து மூடியைத் திருகினால் உள்ளே இறங்கும். முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டி ஆர்தர் குல்போர்க் என்ற அமெரிக்கர் கிரீஸ் கன்னுக்கு வழி கண்டார். வியன்னாவில் பிறந்த ஆஸ்கர் செர்க், இன்று நாம் நிப்பிள் என்று சொல்லும் குமிழைத் தந்தார். 1929இல் அதற்குக் காப்புரிமை. ஒரு சிறு பித்தளை அல்லது இரும்புக் குமிழ், உள்ளே ஒரு குண்டு, குண்டுக்குப் பின்னால் ஸ்பிரிங். கன்னின் வாய் அழுத்தினால் குண்டு உள்வாங்கும், கிரீஸ் போகும். அழுத்தம் நின்றால் குண்டு திரும்பி வாசலை அடைத்துக்கொள்ளும். குண்டைச் சுற்றித் தூசு அப்பியிருந்தால் கிரீஸ் உள்ளே போவதற்குப் பதில் நான்கு திசையும் போகும். துடைக்காமல் அடித்தால் தூசு கிரீஸோடு சேர்ந்து உள்ளே போய் அரைக்கும் மாவாகிவிடும். கிரீஸ் அடிக்கும் கலையின் மொத்தமும் அடிப்பதற்கு முன்னால் துடைப்பதில்தான் இருக்கிறது என்று மூத்த மெக்கானிக்குகள் சொல்வார்கள். களத்தில் பதிவான உரையாடல் ஒன்று இந்த இடத்தில் உதவும்.

“அண்ணே, உள்ள போ மாட்டேங்குது.”

“தொடச்சியா?”

“தொடச்சேண்ணே.”

“எதுல தொடச்ச?”

“கையிலதான்.”

“அந்தக் கைய எதுல தொடச்ச?”

கிளீனர் பையன் பதில் சொல்லாமல் தன் டிரவுசரைப் பார்த்தான்.

கன்னுக்குள் காற்று சிக்கிக்கொள்வது தனி அத்தியாயம் பெறத் தகுந்தது. டப்பாவிலிருந்து கிரீஸை அள்ளி கன்னின் உருளைக்குள் திணிக்கும்போது இடையிடையே காற்றுப் பொட்டலங்கள் தங்கிவிடும். பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் வெறும் காற்று அமுங்கி அமுங்கி எழும். கையேடு சொல்லும் வழி: மூடியைச் சற்றுத் தளர்த்தி, காற்றை வெளியேற்றி, மறுபடி இறுக்குக. நடைமுறை வழி: கன்னைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டு. இரண்டிலும் காற்று வெளியேறுகிறது. நடைமுறை வழியில் காற்றோடு சேர்ந்து வேறொன்றும் வெளியேறுவதை அடுத்த வீட்டு மதில் சொல்லும்.

எத்தனை அழுத்து அழுத்த வேண்டும் என்பதில் இரண்டு பள்ளிகள் மோதுகின்றன. எண்ணிக்கைப் பள்ளி ஒரு நிப்பிளுக்கு மூன்று அழுத்து என்று எண்ணி நிறுத்திக்கொள்ளும். உரிமையாளர்கள் பெரும்பாலும் இந்தப் பள்ளி. கிரீஸ் வாங்கும் காசு அவர்களுடையது. வழிதல் பள்ளி, பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கி வந்து, அதன் பின்னால் புது கிரீஸ் தலைகாட்டும் வரை அழுத்தும். ஆய்வாளர் வழிதல் பள்ளியைச் சார்ந்தவர் என்பதை மறைக்க விரும்பவில்லை. கிங் பின், முன் அச்சின் நடுப் பின், டை ராட் முனைகள், டிராலி ஹூக்கு, ரோட்டவேட்டர் இருந்தால் அதன் ஜாயிண்ட் கிராஸ் ஆகிய இடங்களில் கிரீஸின் வேலை வழவழப்பு தருவதோடு முடியவில்லை. உள்ளே போன தூசையும் தண்ணீரையும் இரும்புத் துகளையும் முதுகில் சுமந்து வெளியே கொண்டுவர வேண்டும். வெளியே வராத கிரீஸ் அந்த வேலையைச் செய்யவில்லை.

வருகிற கிரீஸைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு மருத்துவ அறிக்கை. கறுப்பாக வந்தால் நல்லது, அதன் காலம் முடிந்திருக்கிறது. செம்பழுப்பாக வந்தால் தாமதம், உள்ளே துரு இறங்கிவிட்டது. வெளுத்துப் பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெயிலில் மினுமினுத்தால் வருத்தமான செய்தி, அந்த மினுமினுப்பு புஷ்ஷின் உடம்பிலிருந்து வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அம்பத்தூர், கொரட்டூர்ப் பக்கத்தை மூழ்கடித்தபோது கார்கள் மிதந்தன, தெருவுக்குள் போக முடிந்தது டிராக்டரால்தான். மனிதரை ஏற்றி இறக்கிய அந்த வண்டிகளின் ஹப்புகளைப் பிறகு திறந்தபோது உள்ளே பால் நிறம். பாராட்டு விழாக்களில் யாரும் ஹப்பைக் குறிப்பிடவில்லை.

வழிதல் பள்ளியிலும் தீவிரவாதிகள் உண்டு. கிளட்ச் பக்கம் அளவுக்கு மீறி அடித்தால் மிகுதி போய் கிளட்ச் பிளேட்டில் சேரும். பிடிக்க வேண்டியது வழுக்கும். சீல் போட்ட பேரிங்கில் ஓங்கி அழுத்தினால் சீல் பிதுங்கி, அதன் பிறகு தூசுக்கு வாசல் திறந்தே இருக்கும். எகிப்தில் மணலை நனைத்த ஊழியருக்கு இந்த அளவு தெரிந்திருந்தது.

பரவல்

இனி ஆய்வின் மையம். கிரீஸ் அழிவதில்லை, இடம் மாறுகிறது. பிதுங்கி வந்ததை விரல் வழிக்கிறது. விரல் டிரவுசரில் துடைக்கிறது. டிரவுசர் சீட்டில் உட்காருகிறது. சீட்டில் அடுத்து உட்காருபவர் டேங்கர் வரவை நோட்டில் எழுதும் கணக்குப்பிள்ளை. அவர் அலுவலக நாற்காலி துணி போட்டது. அந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தவர் தண்ணீருக்கு முன்பணம் கட்ட வந்த அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர். மாலையில் அவருடைய வீட்டுச் சோபாவில் ஒரு கறை தோன்றுகிறது. டிராக்டரை அந்த வீட்டார் எவரும் தொட்டதில்லை. ஒரு பொருள் மூன்று உடல்களைக் கடந்து, தொடாதவர் வீட்டை அடைந்த பாதையைத் தொற்றுநோயியலாளர்கள் 2020இல் நமக்கெல்லாம் பொறுமையாக விளக்கினார்கள். மேனாம்பேட்டு மெக்கானிக்குகளுக்கு அது புதிய பாடமாக இருக்கவில்லை.

கிரீஸ் தங்கும் இடங்களில் உயரம் ஒரு முக்கிய மாறி. மனிதர்கள் யோசிக்காமல் தொடும் உயரத்தில் அது செறிவாகக் காணப்படுகிறது. கேட்டின் தாழ்ப்பாள், ஸ்விட்சு, பைக் சாவி, மணிபர்ஸின் மடிப்பு, குழாயின் கைப்பிடி. கடைசியாகச் சொன்னதில் ஒரு சோகம் இருக்கிறது. கையைக் கழுவத்தான் குழாயைத் திறக்கிறார்கள். திறந்த கை அழுக்கு, மூடும் கை சுத்தம், மூடிய பிறகு மறுபடி அழுக்கு. முழங்கையால் திறக்கும் நீண்ட கைப்பிடி மருத்துவமனைகளில் இருக்கிறது. அது ஒர்க்‌ஷாப்புகளுக்கு வந்து சேராததற்குக் காரணம் வர்க்கம் என்பது ஆய்வாளரின் தனிப்பட்ட கருத்து.

டீக்கடை மாஸ்டர்கள் இதில் தெளிவான கொள்கை வைத்திருக்கிறார்கள். காக்கி டிரவுசரோடு வருபவருக்குக் கேட்காமலே பேப்பர் கப். கண்ணாடி கிளாஸ் வேண்டும் என்று அடம் பிடித்த ஓட்டுநரிடம் ஒரு மாஸ்டர் சொன்னார்: “டீ குடிச்சிட்டு கிளாஸ வெச்சிட்டுப் போயிடுவ நைனா. அதுக்கப்புறம் அத எவன் தொடுவான்?” பஜ்ஜியைச் செய்தித்தாளோடு சேர்த்துப் பிடித்து, விரல் படாமல் வாயால் உருவிச் சாப்பிடும் நுட்பத்தை இந்த வட்டாரத்தில் ஆறு வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

மீட்பு முறைகள்

துடைக்கும் துணிக்கு ஒரு பொருளாதாரம் உண்டு. திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழும் துண்டுகள் மூட்டை கட்டி, எடை போட்டு, வேஸ்ட் என்ற பெயரில் தமிழ்நாட்டின் எல்லா ஒர்க்‌ஷாப்புகளுக்கும் வருகின்றன. ஐரோப்பியக் குழந்தைகளுக்குப் போகவேண்டிய டி-ஷர்ட்டின் தோள்பட்டை, வாத்துப் பொம்மையோடு மேனாம்பேட்டில் கிங் பின்னைத் துடைக்கிறது. பின்னல் துணி என்பதால் நன்றாக உறிஞ்சும், நூல் பிரிந்து பேரிங்கில் சிக்காது. ஆனால் ஒரு துண்டு சுத்தமாக இருக்கும் காலம் மிகக் குறுகியது. அந்தக் காலம் முடிந்த பிறகும் அதே துண்டு புழங்குவதால், பெரும்பாலான துடைப்பு உண்மையில் பூச்சு.

கைக்கு வருவோம். மண்ணெண்ணெய் இருந்தது ஒரு காலம். ரேஷனில் அது அருகிப்போனதும் அந்த இடத்துக்கு டீசல் வந்தது. இரண்டும் கிரீஸைக் கரைக்கும். கூடவே தோலில் இயற்கையாக இருக்கும் எண்ணெயையும் உருவிவிடும். தினமும் டீசலில் கை கழுவுகிறவரின் விரல் வெடிப்புகளில் அடுத்த நாள் கிரீஸ் நிரந்தரக் குடியேறும். சோப்புத் தூளோடு மணலோ மரத்தூளோ சேர்த்துத் தேய்ப்பது அடுத்த பள்ளி. பாத்திரம் துலக்கும் சபீனாவும் இந்த வகையைச் சேர்ந்தது. அழுக்கு போகும், ரேகையும் கொஞ்சம் போகும். ரேஷன் கடையில் விரல் வைத்தால் இயந்திரம் “மீண்டும் முயலவும்” என்பதன் பின்னணியில் சபீனாவின் பங்கு ஆராயத்தக்கது.

சரியான வழி பலருக்கு நம்ப முடியாததாக இருக்கிறது. கிரீஸ் கையை முதலில் தண்ணீரில் காட்டக் கூடாது. கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ விட்டு, உலர்ந்த கையிலேயே நன்றாகப் பிசைந்து, வேஸ்ட்டில் துடைத்த பிறகுதான் சோப்பு, அதன் பிறகுதான் தண்ணீர். எண்ணெய் எண்ணெயோடு போகும். வேலைக்கு முன்னால் நகக்கண்ணில் சோப்புக் கட்டியைச் சுரண்டி நிரப்பிக்கொண்டால் அங்கே கிரீஸுக்கு இடமிருக்காது. துணிக்கும் இதே நீதி: நனைக்கும் முன்பே கறையின் மேல் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்து ஊறவிட வேண்டும், மற்ற துணிகளோடு மெஷினில் போடவே கூடாது. இந்தக் கடைசி விதியை மீறிய வீடுகளில் பள்ளிச் சீருடைகள் ஒரே இரவில் சாம்பல் நிறம் அடைந்திருக்கின்றன. அதற்குப் பின் கிரீஸ் துணிக்குத் தனி பக்கெட், தனிக் கொடி, சில வீடுகளில் தனி வாசல்.

வேடிக்கையை நிறுத்திவிட்டு ஒரு விஷயம். கையால் அழுத்தும் கிரீஸ் கன்னே சதுர அங்குலத்துக்குப் பல ஆயிரம் பவுண்டு அழுத்தம் தரக்கூடியது. ஹோஸில் ஊசிமுனை ஓட்டை இருந்து, அதை விரலால் அடைத்துப் பார்த்தால், கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. சில மணி நேரத்தில் வீங்கும், விரலையே இழக்க நேரலாம். எண்ணெய் தேய்த்து உட்காராமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

பிறகு, கழுவிய நீர் எங்கே போகிறது? வாட்டர் சர்வீஸ் அடித்த தண்ணீரும், டீசலில் ஊறிய துணியும் கால்வாயில் இறங்கினால் கால்வாய் ஏரியில் இறங்குகிறது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது பற்றிய வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. பயன்படுத்திய எண்ணெய் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. டிராக்டர் ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் பாயும் வயலுக்கு உழைத்தது. இப்போது அதன் கழிவு எதிர்த்திசையில், ஏரியை நோக்கிப் பயணம் செய்கிறது.

எதிர்ச்சான்று: ஆயுத பூஜை

வருடத்தில் ஒரு நாள் கருதுகோள் கடும் சோதனைக்கு உள்ளாகிறது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை டிராக்டர் பளபளவென்று கழுவப்படுகிறது. ஹூக்கின் மேலிருந்த கறுப்பு போகிறது, கிங் பின்னைச் சுற்றியிருந்த பிதுக்கம் போகிறது, நிப்பிள்கள் பிறந்த நிறத்தில் மின்னுகின்றன. பூஜையன்று வாழைக்கன்று, மாவிலை, சாமந்தி மாலை, பூசணிக்காய், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை. பொட்டு வைக்க உருண்டையாக எது கண்ணில் பட்டாலும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பது மரபு. டிராக்டரில் உருண்டையாக, வரிசையாக, எட்டும் உயரத்தில் இருப்பவை நிப்பிள்கள். அத்தனைக்கும் பொட்டு. அன்று மாலை மேனாம்பேட்டிலேயே அழகான பொருள் அதுதான்.

மறுநாள் சந்தனம் காய்ந்துவிடுகிறது. குண்டைச் சுற்றி இறுகி, ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு, கன்னின் வாய்க்கு அசைந்து கொடுக்க மறுக்கிறது. அதற்கடுத்த நாள் காலை டேங்கர் கிளம்ப வேண்டும். களத்தில் கண்டது: கிளீனர் பையன் ஊக்கு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, குங்குமத்தில் கை வைக்கத் தயங்கி நின்றான்.

“சாமிக்குத்தம் ஆயிடப் போதுண்ணே.”

ஓட்டுநர் ஊக்கைப் பிடுங்கிக்கொண்டார். “சாமிய நான் பாத்துக்கறேன். கிங் பின் போச்சுன்னா ஓனர யாரு பாக்கறது?”